மருந்தரிசி

சோறு வடிப்பதில் என்னை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, டாக்டர். சிங்கப்பூரில் எங்கள் பிளாட்டில் இருந்த எல்லோரும் மின்சாரக் குக்கருக்கு மாறிய பிறகும் நான் பானையில் உலை வைத்துக் கஞ்சியை வடித்துத்தான் இறக்குவேன். பருக்கை பருக்கையாக இருக்கும். உங்கள் மருத்துவமனையில் முதல்நாள் நீங்கள் என்னிடம் கேட்டதும் அதைத்தானே. "வீட்டில் யார் சமைக்கிறாங்க?" என்றீர்கள். நான்தான் என்றேன். "அப்ப மருந்து உங்க பொறுப்பு" என்று சிரித்தீர்கள்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். போனில் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இவ்வளவு தூரம் விமானம் ஏறி, மன்னார்குடியில் இறங்கி, இந்தக் கிராமத்தைத் தேடி வந்திருக்கிறீர்கள். நீங்களும் கும்பகோணத்துக்காரர், நான் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

என் கணவர் இறந்ததால் உங்கள் மருந்துப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னீர்கள். மற்ற நோயாளிகளுக்கும் மருந்தரிசி கொடுப்பதில்லை என்றீர்கள். அது நியாயமில்லை. அந்த அரிசியில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். அருள்பிரகாஷ் என்றால் உங்களுக்கு ஒரு கோப்பு. நெல்லின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர், நெல் பூக்கும் பருவத்தில் ஊருக்கு வந்தால் மூச்சு அடைத்துப்போகிறவர். நெல்லைத் தவிர வேறொன்றும் விளையாத ஊரில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தது. பதினான்கு வயதில் ஒரு மார்கழிக் காலையில் நீலம் பாரித்துக் கிடந்தவரை, அண்ணன் துரைராசு முதுகில் தூக்கிக்கொண்டு வரப்பெல்லாம் ஓடி, சாலைக்கு வந்து, யாருடைய சைக்கிளையோ பறித்து மன்னார்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். இந்தக் கதையை என் கல்யாணத்தன்றே எனக்குச் சொன்னார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் சொன்னார்கள்.

மே மாதம்தான் நாங்கள் வருவோம். அப்போது வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும், காற்றில் ஒன்றும் இருக்காது. சம்பா நெல் பூப்பது கிறிஸ்துமஸ் சமயத்தில். அதனால் கல்யாணமாகி ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நாங்கள் ஊரில் இருந்ததில்லை. தொண்ணூற்றெட்டில் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் துறையில் வேலை கிடைத்து அவர் புறப்பட்டபோது எல்லோரும் சம்பளத்துக்குப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் மூச்சுக்குத்தான் போனார். நான் அவரோடு போனேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். வேலை முடிந்து வருவார், நான் வடித்த சோற்றைச் சாப்பிடுவார், தட்டைக்கூடப் பார்க்க மாட்டார். என் கையிலிருந்து எது வந்தாலும் சாப்பிடுவார். நான் நாகூர்க்காரி. வீட்டில் ஐந்து பெண்களில் நடுவில் பிறந்தவள். ஒருவர் என் கையை அவ்வளவு நம்பிச் சாப்பிட்டது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் சாப்பிட்ட கையோடு போனை எடுத்துவிடுவார்.

"அண்ணே, ஆத்துல தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சுடா. வந்து என்னத்த, மடை வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு நிக்குது, மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்ள மாதிரி."

அவர் சிரிப்பார். டாக்டர், அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வயிற்றிலிருந்து வரும். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. தண்ணீர், நாற்று, களை, யார் வீட்டு மாடு யார் வயலில் மேய்ந்தது, இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். பிறகு போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பார். அந்த நேரத்தில் நான் பேசினால் காதில் விழாது.

அவர் வேறொரு பெண்ணை நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெண்ணோடு சண்டை போடலாம். ஊரில் நாலு பேர் எனக்காகப் பேசுவார்கள். அண்ணனையும் வயலையும் நினைக்கிற புருஷனைப் பற்றி எந்தச் சாமியாரிடம் போய் முறையிட முடியும்? நல்ல குடும்பம் என்பார்கள். நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளலாமே என்று ஒரு முறை கேட்டேன். "எங்களுக்குள்ள என்ன ஜூலி பாகம்?" என்று சிரித்தார். எங்களுக்குள்ளே என்று அவர் சொன்ன வீட்டில் நான் இல்லை என்பது எனக்கு விளங்கியது.

ஆனாலும் அந்தப் பயிரின் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. சொல்லப்போனால் நன்றி இருந்தது. அது பூத்துக்கொண்டிருக்கும்வரை அவர் என்னிடம் இருப்பார்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

நெல்லின் மகரந்தத்தில் இருக்கிற சத்தை நெல்மணிக்குள்ளேயே விளையவைத்து, அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிடச் சாப்பிட உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும் என்று நீங்கள் விளக்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். சிறு பையனைப்போல் இருந்தது. முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே ஒரு சிட்டிகை கொடுத்து உட்காரவைத்தீர்கள். பிறகு வீட்டுக்குக் கொடுத்தீர்கள். சாதாரண அரிசியைப் போல் வடிக்கக் கூடாது, மருந்து கஞ்சியோடு போய்விடும், தனிக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து, அவர் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கடைசியில் கொடுக்க வேண்டும் என்றீர்கள். நான் அப்படியே செய்தேன். முதல் மாதங்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாக்கு அரித்தது, உதடு தடித்தது, பிறகு அடங்கியது. ஜூனில் ரத்தம் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்றீர்கள். அது உண்மை. உங்கள் அரிசி வேலை செய்தது.

ஜூலையில் இருதயம்மாள் அக்கா போன் செய்தார். துரைராசு அத்தானின் மனைவி, என் ஓரகத்தி.

"ஏ ஜூலி, மாடியில குளியல் அறைய எந்தப் பக்கம் வைக்கணும்? மேஸ்திரி கேக்குறாரு."

"எந்த மாடிக்கா?"

"என்ன இப்புடிக் கேக்குற? ஒனக்குத்தான்டி மாடி எடுக்குறாரு உங்கத்தான். பிரகாசு கிறிஸ்துமஸோட வந்துர்றேன், இனிமே சிங்கப்பூரு வேணாம்னுட்டானாமே. ஒங்கிட்ட சொல்லலையா?" பிறகு சிரிப்பு. "நல்லா இருக்கு போ. ஒம் புருஷன் சேதி எனக்குத்தான் மொதல்ல தெரியுது."

சொன்னார், டாக்டர். அன்று மாலையே என்னிடம் சொன்னார். "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அண்ணன்கிட்டப் பேசுறப்ப அப்படியே வாய்ல வந்துருச்சு" என்றார். அதில் பொய் இல்லை. அப்படியே வாயில் வருகிற இடம் எது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தேக்கா சந்தைக்குப் போனேன். உங்கள் அரிசி சற்றுக் குட்டை, நுனி மங்கலாக இருக்கும். நாலு கடை ஏறி இறங்கி அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து கிண்ணத்தில் வெந்தது அதுதான். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறவர் என்று முன்பே சொன்னேன்.

நான் அவருக்கு விஷம் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு நான் கொடுத்தது சோறு.

உங்கள் அரிசியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நியாயமாகக் குப்பையில் கொட்டியிருக்க வேண்டும். கை வரவில்லை. நீங்களும் இந்தப் பக்கம் பிறந்தவர்தானே, உங்களுக்கு வருமா? கீழே சிந்தின நாலு மணியைக்கூடப் பொறுக்கிப் பானையில் போடுகிற வீடுகளில் வளர்ந்தோம். பறவைகளுக்குப் போட்டால் சிங்கப்பூரில் அபராதம். அதனால் அதையும் வேகவைத்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரையில் நின்றபடி நானே சாப்பிட்டேன். தினமும். நீங்கள் அளவைக் கூட்டக் கூட்ட நானும் கூட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவருக்கென்று வந்ததை நான் சாப்பிடுகிறேன் என்பதில் ஒருவித நெருக்கம்கூட இருந்தது. அந்த மாதங்கள் எங்கள் வாழ்க்கையின் நல்ல மாதங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் போன் செய்து விசாரிக்கும்போதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லை என்பார். தொந்தரவு எப்படி வரும்? நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். "தொண்டையே லேசாயிருச்சு ஜூலி" என்பார் என்னிடம். இடையில் நிறுத்தினால் பழைய நிலைக்கே போய்விடும், சிலருக்கு அதைவிட மோசமாகலாம் என்று நீங்கள் தொடக்கத்தில் எச்சரித்தது எனக்கு நினைவிருந்தது. எனக்கு எல்லாம் நினைவிருக்கும்.

என் எண்ணம் எளிமையானது. அவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவார். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், இழுப்பு வரும். மருந்து பலிக்கவில்லை என்று புரிந்துகொள்வார். மாடி யாருக்காவது வாடகைக்குப் போகும். நாங்கள் திரும்பிவிடுவோம். ஆபத்து என்றால் இருக்கட்டும் என்று நீங்கள் கொடுத்த ஊசி என்னிடம் இருந்தது. அதை எப்படிப் போடுவது என்று வெறும் ஊசியை வைத்து என்னைத்தான் பழக்கினீர்கள். ஜனவரியில் கடைசி ரத்தப் பரிசோதனை ஆகும்வரை காலை நேரத்தில் பூக்கிற வயல் பக்கம் போகக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்கள். சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வெளியே வந்ததும், "டாக்டரம்மா நல்லவங்க. ஆனா பாவம், அவங்க டவுன்" என்றார்.

கிறிஸ்துமஸ்வரை நாகூரில் என் அம்மா வீட்டில் இருந்தோம். கடற்காற்றில் நன்றாகவே இருந்தார். திருநாளன்று பிற்பகல்தான் இங்கே வந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் கதிர் வந்து நின்றது. காருக்குள் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். இரவு இரண்டு மூன்று தும்மல் வந்தது. வெடி வெடித்த புகை என்றார்.

மறுநாள் காலை பனி விலகி வெயில் ஏறியதும் அண்ணனும் தம்பியும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் இருதயம்மாள் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வயக்காட்டுக்கு ஹேண்ட்பேக்கா? என்னடி, நெல்லுக்கு பவுடர் போடப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நெல் பூப்பதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. கதிரில் வெள்ளையாகத் தூசு தொங்குகிறது, அவ்வளவுதான். காலையில் கொஞ்ச நேரம் திறந்து மூடிக்கொள்ளுமாம். துரைராசு அத்தான் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"டேய், இதோட நில்லு. பூக்குற நேரத்துல உள்ள எறங்கக் கூடாது. ஒனக்குன்னு இல்ல, யாரும் எறங்க மாட்டோம். அதுக்கு இது முகூர்த்த நேரம்."

"வெத்தல பாக்கு வாங்கிட்டு வராம போயிட்டேனேண்ணே."

"வாய் மட்டும் கொறையல. மூக்கு ஒழுகாம ஒன்ன இந்த மாசத்துல இப்பத்தான்டா பாக்குறேன்."

அத்தான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் வரப்பில் குனிந்து, கதிர்களின் மேல் இரண்டு கைகளையும் பரப்பி வருடினார். ஒரு குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி. வெயிலில் தூசு எழுந்தது. உள்ளங்கையை முகர்ந்தார். "வாசன வருதுண்ணே. இவ்வளவு நாளா இந்த வாசன எனக்குத் தெரியாமலே போச்சே" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் இருமல். பிறகு இருமலுக்கு நடுவில் இருக்க வேண்டிய மூச்சு வரவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அத்தான், "காரக் கொண்டாறேன், பாத்துக்க ஜூலி" என்று கத்திக்கொண்டு சாலையை நோக்கி ஓடினார். வயதானவர், இரண்டு முறை விழுந்து எழுந்து ஓடினார்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

அவர் என் கையைப் பிடித்தார். இன்னொரு கையால் பையைக் காட்டினார். பேச முடியவில்லை. கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. டாக்டர், இத்தனை வருடத்தில் இந்த ஊரில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். வயலைப் பார்க்கவில்லை, அண்ணன் ஓடின பக்கம் பார்க்கவில்லை. என்னை. "ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல" என்றேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். பை என் மடியில்தான் இருந்தது. திறக்க வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. திறக்கத்தான் போகிறேன், இன்னும் கொஞ்சம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தான் காரைச் சாலையில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடிவரும்வரை.

அத்தான் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டார். பதினான்கு வயதில் தூக்கின அதே முதுகில். நான் பின்னால் ஓடினேன். பிடித்திருந்த கை அப்போதே நழுவிவிட்டது. காரில் ஏற்றின பிறகுதான் ஊசியைப் போட்டேன். நீங்கள் பழக்கினபடி, தொடையில், துணியோடு சேர்த்து. ஊசி போட்டும் பிழைக்கவில்லை என்று உங்களுக்கு வந்த அறிக்கையில் இருப்பது அந்த ஊசிதான். மன்னார்குடியை நெருங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நீங்கள் நம்பத் தயங்குவது தெரிகிறது. துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைக்கிறீர்கள். என் ரத்தத்தை எடுத்துப் பாருங்கள். அவர் ரத்தத்தில் டிசம்பரில் என்ன இருந்திருக்க வேண்டுமோ அது என்னிடம் இருக்கும். அவருக்கான மருந்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் அரிசியின் மேல் பழி இல்லை என்று மேலிடத்துக்கு எழுதுங்கள். பாவம், மற்றவர்களாவது தங்கள் ஊருக்குப் போய்வரட்டும்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டால், துரைராசு அத்தானுக்காகத்தான். வரும்போது அவரைப் பார்த்திருப்பீர்கள், களத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். முப்பதாம் நாள் பூசையில் கோயில் நிறைய ஆட்கள் இருக்கும்போது எழுந்து நின்று, "என் தம்பிய நான்தான் கொன்னுட்டேன். வா வான்னு கூப்புட்டு நானே வயலுக்குக் கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டேன்" என்று சொன்னார். பங்குச் சாமியார் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஊரே அழுதது. அவர் உப்பளத்தில் நிற்கிற மரம்போல் வற்றிக்கொண்டு வருகிறார், சோறு தொடுவதில்லை. தை முடிந்து மாசி பிறந்துவிட்டது, சுற்றிலும் எல்லோரும் அறுத்துவிட்டார்கள். அந்த ஒரு வயலை மட்டும் அறுக்க விடமாட்டேன் என்கிறார். கதிர் சாய்ந்து, மணி கொட்டி, எலி தின்னுகிறது. ஊர்க்காரர்கள் போய் அந்த வயலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் போகிறார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எழுந்து போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

நேற்று இருதயம்மாள் அக்கா அழுதபடி சொன்னார். "கடைசியிலயும் அண்ணன் முதுகுலதான்டி போயிருக்கான் அவன்." அப்போதே முடிவு செய்துவிட்டேன், நீங்கள் வந்தால் சொல்லிவிடுவது என்று. ஒரு நல்ல மனிதர் செய்யாத தவறுக்காக வெந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள். தெளிவாகப் பதியட்டும். முதலில் அத்தானிடம் இதைப் போட்டுக் காட்டுங்கள், போலீசுக்குப் பிறகு போகலாம்.

அண்ணன் முதுகில் போனபோது என் கணவருக்கு நினைவில்லை. நினைவு இருந்தவரை அவர் பிடித்திருந்தது என் கையை, பார்த்தது என் முகத்தை. அருள்பிரகாஷைக் கொன்றது அவருடைய மனைவி ஜூலியட். நிலத்தில் வேண்டுமானால் அத்தானுக்குப் பாதி உண்டு. இதில் அவருக்கு ஒரு மணிகூடப் பங்கு கிடையாது.